காலிப் பெட்டியின் எடை

அவரை நான் முதன்முதலில் பார்த்தது துறைமுக யார்டின் கேண்டீனில். அப்போது அவர் ஒரு வழக்கில் தோற்றுக்கொண்டிருந்தார். எனக்கு வேலையில் அன்று முதல் நாள். புதுச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, அட்டையில் பெயருக்குப் பின்னால் பட்டம். எங்கள் வீட்டில் பட்டம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததே என்னோடுதான் என்பதால், அந்த எழுத்துகள் சட்டைக்குள் மறைந்துவிடாதபடி அட்டையை அடிக்கடி வெளியே எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். டீயை வாங்கித் திரும்பினால், காக்கிச் சட்டை முழுக்கச் சாக்பீஸ் தூளாக ஒரு பருத்த மனிதர் அந்த அட்டையைப் பிடித்து நிதானமாகப் படித்தார்.

“பிசிக்ஸா? வாங்க தம்பி, உக்காருங்க. ஒரு நியாயத்தைச் சொல்லிட்டு டீயைக் குடிங்க.”

நியாயம் இதுதான். எல்லாப் பக்கமும் மூடிய இரும்புப் பெட்டி ஒன்று கிரேனில் தொங்குகிறது. உள்ளே தரையில் ஒரு புறா உட்கார்ந்திருக்கிறது. அது எழும்பிப் பறந்தால் கிரேன் காட்டும் எடை குறையுமா, குறையாதா? குறையும் என்பது அவர் கட்சி. தரையில் கால் வைக்காதவன் தரைக்கு எப்படிப் பாரமாவான் என்று மேசையைத் தட்டினார். எதிர்க்கட்சி அவருடைய மனைவி. அதே யார்டில் கிரேன் ஓட்டுபவர். எதிரே உட்கார்ந்து அமைதியாக வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

புறா சும்மா மிதக்கவில்லை, சிறகால் காற்றைக் கீழே தள்ளித்தான் நிற்கிறது. அந்தக் காற்று பெட்டியை விட்டு வெளியே போக முடியாமல் தரையைத்தான் அழுத்தும். ஆகவே குறையாது, எழும்பும்போதும் இறங்கும்போதும் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஒரு பரிதாபப் பார்வை பார்த்தார். “படிச்சவங்களையும் அவ பக்கம் இழுத்துட்டா” என்று மற்றவர்களிடம் முறையிட்டுவிட்டு எழுந்து போனார்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கும் அந்த மனிதருக்கு யார்டு வைத்த பெயர் ஓட்டைக்காரர். கெட்ட பெயர் இல்லை, தொழில் பெயர். கப்பலில் சரக்கு கொண்டுவரும் பெட்டிகள் இடிபடும், துருப்பிடிக்கும், மூலையில் கிழியும். அவற்றுக்கு ஒட்டுப்போட்டுப் பற்றவைத்த பிறகு, மழைத்தண்ணீர் உள்ளே இறங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கு மெஷின் கிடையாது. ஒருவர் காலிப் பெட்டிக்குள் போய் நிற்பார். இன்னொருவர் வெளியே கதவைச் சாத்திக் கம்பியைப் போடுவார். உள்ளே கும்மிருட்டு. கூரையில் ஊசி முனை அளவு துளை இருந்தாலும் வெயில் அதன் வழியாக நட்சத்திரம் மாதிரி எட்டிப்பார்க்கும். அதைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுச் சுவரைத் தட்டினால், வெளியே இருப்பவர் திறந்துவிடுவார். வெளிச்சம் பார்ப்பது என்று இந்த வேலைக்குப் பெயர்.

இந்த வேலையில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் புதுக் குடை வாங்கினாலும் முதலில் அவர்தான் தலையை உள்ளே விட்டுப் பார்ப்பார். வெளியே நின்று கதவு சாத்துபவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். “எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே மாப்ள கூரையைத்தான் பாத்தாரு, என் தங்கச்சி அப்புறம்தான் கண்ணுல பட்டா” என்று மச்சான் சொல்லாத நாள் கிடையாது.

அந்த வேலைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே ஆள் இருக்கும்வரை கதவுக் கம்பியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்க வேண்டும். துணி இருந்தால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எந்த வண்டியும் வரக் கூடாது. துணி மச்சானின் பொறுப்பு.

புறா வழக்கு கேண்டீனோடு நிற்கவில்லை, வீட்டுக்கும் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டைக்காரர் குழாயடியிலிருந்து ஒரு தவளையைப் பிடித்து வந்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, சமையலறைத் தராசின் மேல் வைத்தார். மகள் நடுவர். தவளைக்கு இந்த விஞ்ஞானத்தில் துளியும் விருப்பம் இல்லை; மூலையில் குந்திக்கொண்டு எல்லோரையும் முறைத்தது. டப்பாவைச் சுண்டியதும் எழும்பிக் குதித்தது. தராசின் எண்கள் படபடவென்று மாறின. குறைந்துவிட்டது, பார்த்தாயா என்று ஓட்டைக்காரர் துள்ளினார்.

“முதல்ல ஏறிச்சு. அப்புறம் இறங்கிச்சு. கடைசில பழைய இடத்துக்கே வந்துது” என்றார் கிரேன்காரம்மா. “நீங்க நடுவுல இருக்கிறதை மட்டும் பாத்துட்டுக் கை தட்டுறீங்க.”

எம்பும்போது தவளை தரையை உதைக்கிறதே, அந்த உதை எங்கே போகும் என்று கேட்டார். கிரேன் கேபினில் தன் கண்ணெதிரே எடை காட்டும் எண் பலகையிலும் இப்படித்தான் என்றார். காற்று அடித்தால் கடைசி இலக்கம் குடிகாரன் நடக்கிற மாதிரி இங்கும் அங்கும் தள்ளாடும், எந்த ஒழுங்கும் இருக்காது, ஆனால் திரும்பி வர வேண்டிய இடத்துக்கு வந்துவிடும். ஓட்டைக்காரர் மறுபரிசோதனை கேட்டார். அதற்குள் நடுவர் மூடியைத் திறந்துவிட்டதால் தவளை அடுப்புக்கு அடியில் போய்விட்டது. அதைப் பிடிப்பதற்குள் வழக்கு தள்ளிவைக்கப்பட்டது.

அந்த மாதத்தில் ஒரு நாள், காலிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போக ஒரு கப்பல் வந்து நின்றது. கப்பலுக்கு இரண்டு கிரேன்கள். ஒன்றில் அவர் மனைவி. இன்னொன்றில் வெடுக்கு என்று பெயரெடுத்த ஆள். பெட்டியை அவன் வெடுக்கென்று தூக்குகிற தூக்கில் கீழே நிற்பவர்களுக்கே பல் ஆடும். ஏற்ற வேண்டிய பெட்டிகளுக்கு அவசரம். பழுதுபார்த்த வரிசையில் கடைசியாக நின்ற பெட்டிக்குள் வெளிச்சம் பார்க்க ஓட்டைக்காரர் நுழைந்தார். கைப்பேசியை வெளியே தலைக்கவசத்தோடு வைத்துவிட்டுத்தான் போவார். அதன் வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக நேரமாகும்.

கதவு மூடியது. கம்பி விழுந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மச்சான் சிவப்புத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றவர், அவிழ்த்துக் கட்டுவோம் என்று கையைத் தூக்கிய நேரத்தில் அடுத்த வரிசையிலிருந்து கூப்பாடு கேட்டது. ஒரு பெட்டியின் கதவு கீல் விட்டுச் சரிந்து, பிடிக்க ஆள் போதாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். ஓடினார். கம்பியில் இருக்க வேண்டிய துணி அவர் தலையிலேயே போனது.

உள்ளே ஓட்டைக்காரர் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். புதுப் பெயிண்டும் பலகையும் கலந்த வாசனை. கண்ணைத் திறந்து கூரையை மூலைக்கு மூலை தேடினார். ஒரு நட்சத்திரம் இல்லை. சுவர்களிலும் இல்லை. கதவோரத்து ரப்பரில்கூடக் கீற்று இல்லை. காற்றுக்கென்று ஓரத்தில் விட்டிருக்கும் துவாரங்கள் வளைந்து வளைந்து வருவதால் அவற்றிலும் வெளிச்சம் வராது. இப்படி ஒரு பெட்டியைப் பார்த்து வெகு காலம் ஆயிற்று. பற்றவைத்தவனுக்கு ஒரு டீ வாங்கித்தர வேண்டும் என்று நினைத்தபடி சுவரைத் தட்டினார்.

பதில் இல்லை. மச்சான் விளையாடுகிறார் என்று மறுபடி தட்டினார். அப்போது தரை ஒரு பக்கம் சாய்ந்தது.

பெட்டியை வண்டி தூக்கிவிட்டது என்று புரிவதற்குள் அவர் சுவரோடு சுவராக உருண்டிருந்தார். எழுந்து கத்தினார், சுவரைக் குத்தினார், உதைத்தார். பக்கத்தில் நிற்பவன் பேச்சே கேட்காத இன்ஜின் சத்தம் வெளியே. பெட்டி டிரெய்லரில் தொம்மென்று இறங்கியது. வண்டி கிளம்பியது. யார்டின் சந்தில் இடது பக்கம் திரும்பினால் அடுக்கு மைதானம்; அங்கே போனால் இன்று இல்லாவிட்டாலும் நாளை யாராவது தேடுவார்கள். வலது பக்கம் திரும்பினால் கப்பல். அவர் இருட்டில் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். உடம்பு இடது சுவர்ப் பக்கம் சரிந்தது. வண்டி வலது பக்கம் திரும்பிவிட்டது.

கப்பலில் காலிப் பெட்டிகளை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரும்புக் கொக்கி போட்டு இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த துறைமுகம் எது, எத்தனை நாள் தூரம் என்று அவருக்குத் தெரியாது. வெயிலில் கிடக்கும் இரும்புக்குள், ஒரு மடக்குத் தண்ணீர் இல்லாமல், அதில் பாதி நாட்கள்கூட உயிர் தாங்காது என்பது மட்டும் தெரியும். ஆயுள் முழுக்க ஓட்டையை ஒழித்த மனிதர், கையால் சுவரைத் தடவித் தடவி, விரல் நுழைகிற மாதிரி ஒரே ஒரு ஓட்டை இருக்காதா என்று ஏங்கினார்.

வண்டி நின்றது. தலைக்கு மேல் நான்கு மூலையிலும் டக், டக் என்று பூட்டுகள் விழுந்தன. கிரேன் பிடித்துவிட்டது. எந்தக் கிரேன்?

மேலே இருப்பது வெடுக்கு என்றால் இப்போது தூக்கி எறியப்படுவோம் என்று குந்தி உட்கார்ந்தார். தரை கிளம்பியதே தெரியவில்லை. முதலில் கயிறு மெல்ல இறுகியது; ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே நின்றது; பிறகு, தூங்குகிற பிள்ளையைத் தோளுக்கு மாற்றுகிற மாதிரி பெட்டி அலுங்காமல் எழும்பியது. தளர்ச்சியை எடுத்துவிட்டுத் தூக்கு, தளர்ச்சியை எடுத்துவிட்டுத் தூக்கு என்று வீட்டில் கிணற்று வாளிக்குக்கூடப் பாடம் நடத்துகிற கை அது. அவள்தான். மேலே அவள்தான்.

இருட்டில் தனியாகச் சிரித்துவிட்டார். அடுத்த நொடி சிரிப்பு நின்றுபோனது. மேலே அவள் இருந்து என்ன, கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவளுக்கு இவர் கத்துவது கேட்கப்போவதில்லை. கப்பலுக்கு மேலே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவளுக்கும் தனக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று வெறிபிடித்த மாதிரி யோசித்தார். ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனையில், அவள் கண்ணெதிரே, ஒரு எண்.

எண்ணை ஆட்ட வேண்டும். குதித்தால் எடை குறையும் என்பது தன் கட்சி. குறையாது, ஆடும் என்பது அவள் கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் எண் அசைந்தே தீரும்.

ஓட்டைக்காரர் குதித்தார். கண்ணை மூடிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, மூச்சு முட்டுகிற வரைக்கும் கண்டபடி குதித்தார். பலகைத் தரை அதிர்ந்தது. பெட்டி தன்பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. பிறகு பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. கடல் பக்கம். அப்போதுதான் மூளையில் உறைத்தது: கண்டபடி குதித்தால் அது குடிகாரன் நடை. மேலே அவள் அதைக் காற்று என்று தள்ளிவிடுவாள். காற்றால் செய்ய முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும்.

நிதானித்து நின்றார். இரண்டு குதி. நிறுத்தம். இரண்டு குதி. நிறுத்தம். முழங்கால் வலித்தது. சோற்றைக் குறை, சோற்றைக் குறை என்று வீட்டில் திட்டு வாங்கிய தொப்பை அன்று பாரத்துக்குப் பாரமாகக் கைகொடுத்தது. காலிப் பெட்டி என்பதால்தான் அந்தத் தொப்பைக்கும் மரியாதை. சரக்குப் பெட்டியாக இருந்திருந்தால் யானை குதித்தால்தான் எண் அசைந்திருக்கும்.

பெட்டி நின்றது.

அந்தரத்தில் லேசாக ஊசலாடியபடி நின்றது. அவரும் குதிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறுத்துப் பெட்டி மறுபடி நகர்ந்தது, அதே கடல் பக்கம். பாய்ந்து எழுந்து இரண்டு குதி போட்டார். பெட்டி உடனே நின்றது. இவர் அசையாமல் இருந்தார். பெட்டி நகர்ந்தது. இரண்டு குதி. நின்றது.

அவள் கேட்கிறாள். யார் அது என்று வாயைத் திறக்காமல் கேட்கிறாள். நீ நகர்த்து, நான் குதிக்கிறேன். நீ நிறுத்து, நான் பதில் சொல்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் குறுக்கே பேசாமல் ஒருவர் சொன்னதை ஒருவர் முழுதாகக் கேட்டது அன்றுதான் என்று பின்னால் அவரே சொல்லிச் சிரிப்பார்.

மேலே நடந்ததை, கரையில் நின்று பெட்டி ஏற்றுவதை மேற்பார்க்கும் கப்பல் மேஸ்திரி பிறகு அவருக்குச் சொன்னார். வாக்கிடாக்கியில் மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்: காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன தொட்டில் ஆட்டுகிறீர்கள், காற்றுதான், இறக்குங்கள், கப்பல் காத்திருக்கிறது. காற்று இரண்டு இரண்டாக அடிக்காது, உள்ளே உயிர் இருக்கிறது, திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று கிரேன்காரம்மா சொல்லியிருக்கிறார். திறந்து பார்த்து ஒன்றும் இல்லாவிட்டால் நாளைக்கு இந்த நாற்காலியில் நீங்கள் உட்கார முடியாது என்று மேஸ்திரி மிரட்டியிருக்கிறார். சரி என்று ஒரே சொல்லோடு பெட்டியைத் திருப்பிவிட்டாராம்.

உள்ளே இருந்தவருக்கு இது எதுவும் தெரியாது. பெட்டி எங்கோ போகிறது, பிறகு இறங்குகிறது என்பது மட்டும் தெரிந்தது. எதன் மேல்? கப்பல் அடுக்கின் மேல் வைத்தால் இரும்போடு இரும்பு மோதிக் கணீரென்று கேட்கும். அவர் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகப் பல்லைக் கடித்தார்.

தொப்பென்று மண்ணில் பாறை விழுந்த மாதிரி மந்தமான சத்தம். கான்கிரீட் தரை.

கம்பி உருவப்பட்டது. வெளிச்சம் முகத்தில் அறைந்தது. கதவில் கப்பல் மேஸ்திரி வாயைப் பிளந்தபடி நின்றார். அவருக்குப் பின்னால், யார்டு முழுக்கத் தேடிவிட்டு ஓடிவந்த மச்சான், தலையில் சிவப்புத் துணியோடு, “மாப்ள” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, ஆள் இருக்காரு. உயிரோட இருக்காரு” என்றார் மேஸ்திரி வாக்கிடாக்கியில்.

“நிழல்ல உக்கார வெச்சுத் தண்ணி குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா குடுங்க” என்று மேலேயிருந்து குரல் வந்தது. “யாரு ஆளு?”

மேஸ்திரி வாக்கிடாக்கியை ஓட்டைக்காரரின் கையில் திணித்தார்.

“நான்தான்” என்றார் ஓட்டைக்காரர்.

கயிறு அசையாமல் தொங்கியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணாடிக் கூண்டில் வெயில் பட்டு ஒன்றும் தெரியவில்லை.

“எடை குறையலைங்க” என்றது குரல். பாதியில் உடைந்து, சேர்ந்துகொண்டு மறுபடி வந்தது. “ஆடிச்சு. குறையவே இல்லை.”

ஓட்டைக்காரர் தலையை ஆட்டினார். அவ்வளவு உயரத்திலிருந்து அவளுக்கு அது தெரியாது என்பது நினைவே இல்லாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். அன்று இறங்கி வந்த கிரேன்காரம்மா யாரையும் திட்டவில்லை. ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, கணவரின் கையைப் பிடித்து, சுவரைக் குத்திக் குத்தித் தோல் உரிந்திருந்த முட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அண்ணன் தலையிலிருந்த துணியை அவிழ்த்து, கண்ணைத் துடைத்துக்கொள்ள அண்ணனிடமே கொடுத்தார். கிரேனை மிச்ச நேரத்துக்கு வெடுக்கு பார்த்துக்கொண்டான். அன்று மட்டும் அவனும் மெதுவாகத்தான் தூக்கினானாம்.

வழக்கில் தோற்றதை ஓட்டைக்காரர் இன்றுவரை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. மூடிய பெட்டிக்கு அவள் சொல்வது சரி, அதை உள்ளே இருந்து நிரூபித்தது யார் என்று கேட்கிறார்.

யார்டில் இப்போது சிவப்புத் துணி கிடையாது. வெளிச்சம் பார்க்கப் போகிறவர் கதவுக் கம்பி முழுக்க இறங்கிவிடாதபடி ஒரு பூட்டை மாட்டிவிட்டு, அதன் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போகிறார். பூட்டு தொங்கும் பெட்டியை எந்த வண்டியும் தொடாது. மச்சான் தானே கேட்டுப் பற்றவைக்கும் பிரிவுக்கு மாறிவிட்டார். கிரேன்காரம்மா புதிதாக வருகிறவர்களுக்குக் கிரேன் சொல்லிக்கொடுக்கிறார். ஓட்டைக்காரர் அதே வரிசையில் அதே வேலையில் இருக்கிறார். எடையில் கொஞ்சம் குறைந்திருக்கிறார்.